முதல் 42 நாள்

பிரசவம் முடிந்து பச்சை உடம்போடு ஒரு பெண் வீட்டுக்கு வந்துவிட்டால், அந்த வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வை, வசம்பைச் சுட்டு உரசிக் கொடு, மூக்கைப் பிடித்து நேராக்கு, தொப்புளில் பவுடர் போடு, கண்ணுக்கு மை எழுது. எல்லாம் பாசத்தில் சொல்வதுதான். பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய்த் தாயையும் சேயையும் பார்த்து வருவது என் வேலையாக இருந்தது. அதை வைத்து அழுத்தமாகவே சொல்கிறேன்: பிறந்த குழந்தைக்கு நாம் செய்ய வேண்டியது கொஞ்சம், செய்யாமல் விட வேண்டியது நிறைய. தாய்ப்பால், உடம்புச் சூடு, கழுவிய கை இந்த மூன்றையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகத் தேறிவிடும்.

இப்படிப்பட்ட எளிய கவனிப்பின் பலத்தை நாட்டுக்குக் காட்டியவர்கள் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் வேலை செய்த மருத்துவத் தம்பதி அபய் பங், ராணி பங். ஆஸ்பத்திரி எட்டாத கிராமங்களில், உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். குழந்தையைக் கதகதப்பாக வைப்பது, தாய்ப்பாலுக்கு உதவுவது, நோய்த்தொற்றை முதலிலேயே கண்டுபிடித்துச் சிகிச்சை தொடங்குவது, இதுதான் அவர்கள் வேலை. பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்தது என்று 1999-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். இன்று ஆஷா எனப்படும் கிராம சுகாதாரப் பணியாளர்கள் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள்களில் வீட்டுக்கு வந்து பார்க்கும் ஏற்பாடு அந்த வழியில் வந்ததுதான். அதே 42 நாளை நாமும் வரிசையாகப் பார்ப்போம்.

முதல் ஒரு மணி நேரம்

குழந்தை அழுது மூச்சு விட்டதும் ஈரம் துடைத்து, துணி சுற்றாமல், அப்படியே தாயின் வெறும் மார்பில் படுக்க வைக்க வேண்டும். மேலே ஒரு உலர்ந்த துணி, தலைக்குத் தொப்பி போதும். அந்தச் சூட்டில் கிடக்கும் குழந்தை சிறிது நேரத்தில் தானாகவே வாயைத் திறந்து தலையை ஆட்டித் தேட ஆரம்பிக்கும். அப்போதே பால் கொடுக்கலாம். சிசேரியன் ஆனவர்களுக்கும் இது பொருந்தும். முதுகில் ஊசி போட்டுச் செய்த அறுவையென்றால் தாய் விழிப்பாகத்தான் இருப்பார். பக்கத்தில் ஒருவர் குழந்தையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டால் படுத்தபடியே கொடுக்க முடியும். கேட்டால்தான் சில இடங்களில் செய்வார்கள். அதனால் பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடமும் நர்ஸிடமும் சொல்லி வையுங்கள்.

முதலில் வரும் சீம்பால் மஞ்சளாக, கெட்டியாக, கொஞ்சமாக இருக்கும். கொஞ்சமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். முதல் நாளில் குழந்தை ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டி அளவு குடித்தாலே அதற்குப் போதும். நோய் எதிர்ப்புச் சக்தி அதில் நிறையத் திரண்டிருக்கிறது. அதைப் பீய்ச்சிக் கீழே விடும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு, கூடவே கூடாது. பெரியவர் ஒருவர் கையால் சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதும் வேண்டாம். தேன் இன்னும் ஆபத்து. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் விதைகள் குழந்தையின் குடலில் முளைத்து, உடம்பையே துவள வைக்கும் நஞ்சை உண்டாக்கும். ஒரு வயது முடியும்வரை தேன் நாக்கில் படக் கூடாது. பெரியவர் மனம் நோகாமலிருக்க, குழந்தையின் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்யச் சொல்லுங்கள். அதையும் கை கழுவிவிட்டுத்தான்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புமுன் குழந்தையின் தடுப்பூசி அட்டையை வாங்கிப் பாருங்கள். பிறந்த எடை எழுதியிருக்கிறதா, ரத்தக்கசிவைத் தடுக்கும் வைட்டமின் கே ஊசி, இடது கையில் பிசிஜி, போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி ஊசி எல்லாம் போட்டாயிற்றா என்று கேளுங்கள். ஹெபடைடிஸ் பி ஊசியை 24 மணி நேரத்துக்குள் போடுவது முக்கியம். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. பெயர் முடிவாகவில்லை என்று பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

மார்பில் பிடிக்க வைப்பது

பால் விஷயத்தில் முக்கால்வாசிச் சிக்கல் பால் ஊறாததால் வருவதில்லை, குழந்தை சரியாகப் பிடிக்காததால் வருகிறது. அதனால் இதை நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் தாய் வசதியாக உட்கார வேண்டும். சுவரில் சாய்ந்து, முதுகுக்கு ஒரு தலையணை, மடியில் ஒரு தலையணை. தாய் குனிந்து குழந்தையிடம் போகக் கூடாது. குழந்தையைத்தான் மார்புக்குக் கொண்டுவர வேண்டும். குழந்தையின் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கட்டும். அதன் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். உடம்பு மேலே பார்த்திருக்க, தலையை மட்டும் திருப்பி வைத்தால் குழந்தையால் விழுங்க முடியாது. தோள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நாம் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துப் பார்த்தால் அந்தக் கஷ்டம் புரியும்.

பிறகு காம்பால் குழந்தையின் மேலுதட்டை மெல்லத் தொடுங்கள். வாயில் திணிக்க வேண்டாம். ஓரிரு தடவை தொட்டதும் கொட்டாவி விடுகிற அளவுக்கு வாய் அகலத் திறக்கும். அந்த நொடியில் குழந்தையின் முதுகைத் தாங்கிய கையால் சட்டென்று மார்போடு சேர்த்துவிட வேண்டும். முகவாய் முதலில் மார்பைத் தொட வேண்டும், மூக்கு கடைசியாக. சரியாகப் பிடித்திருந்தால் முகவாய் மார்பில் அழுந்தியிருக்கும், கீழுதடு வெளிப்பக்கம் மலர்ந்திருக்கும், காம்பைச் சுற்றிய கருவட்டம் மேலே கொஞ்சம் தெரியும், கீழே தெரியாது. கன்னம் உப்பியிருக்கும், குழி விழாது. முதலில் படபடவென்று சப்பும். பால் இறங்கியதும் வேகம் குறைந்து, ஒன்றிரண்டு சப்பலுக்கு ஒரு தடவை விழுங்குகிற மெல்லிய சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் நிம்மதியாக இருக்கலாம்.

காம்பு மட்டும் வாயில் இருந்தால் ஊசி குத்துவதுபோல் வலிக்கும், வெடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம். சுண்டுவிரலைக் குழந்தையின் கடைவாய் ஓரமாக நுழைத்துப் பிடியை விடுவித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள். முதல் வாரத்தில் இப்படி எத்தனையோ தடவை செய்ய வேண்டிவரும். அது இயல்பு.

நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். கடிகாரம் பார்த்துக் கொடுக்காதீர்கள். கையை வாயில் வைத்துச் சப்புவது, தலையைத் திருப்பித் தேடுவது, இவை பசி தொடங்கியதன் அடையாளம். அழுகை கடைசி அடையாளம். அழுது களைத்த குழந்தை சரியாகப் பிடிக்காது. சில குழந்தைகள் முதல் நாள்களில் தூங்கிக்கொண்டே இருக்கும். பிறந்த எடையைத் திரும்ப எட்டும்வரை 3 மணி நேரத்துக்கு மேல் விடாமல், துணியைத் தளர்த்தி, உள்ளங்காலைத் தேய்த்து எழுப்பிக் கொடுங்கள். இரவில் கொடுக்கும் பால்தான் பால் சுரப்பை நிலைநிறுத்தும். ஒரு பக்கம் நன்றாகக் குடித்து முடித்த பிறகே மறுபக்கம். கடைசியில் வரும் பாலில் கொழுப்பு அதிகம். வயிறு நிறைவது அதில்தான்.

மூன்றாம் நான்காம் நாள் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகும். பால் கொடுப்பதை நிறுத்தினால் இன்னும் கட்டும். வெதுவெதுப்பான துணியை ஒற்றி, கையால் கொஞ்சம் பீய்ச்சி மென்மையாக்கிவிட்டுக் கொடுங்கள். கொடுத்த பிறகு குளிர்ந்த துணி. ஓரிடம் சிவந்து, காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போக வேண்டும். அப்போதும் அந்த மார்பில் பால் கொடுக்கலாம்.

நான் போன வீடுகளில் ஓயாமல் காதில் விழுந்த பேச்சு இது: “ஏத்தா, பிள்ள அழுதுகிட்டே கெடக்கு. பால் பத்தல போல. ஒரு டப்பா வாங்கியாரச் சொல்லவா?” பாட்டி அப்படிக் கேட்ட மாத்திரத்தில் அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிடும். டப்பாப் பால் உள்ளே போனால் குழந்தை மார்பில் குடிப்பது குறையும். குடிப்பது குறைந்தால் சுரப்பது குறையும். ஒரு வாரத்தில் பாட்டி சொன்னதே உண்மையாகிவிடும். பால் மாவையும் பால் புட்டியையும் விளம்பரப்படுத்துவதை 1992-இலேயே நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடை செய்தது. காரணம் இல்லாமல் செய்யவில்லை. டாக்டர் எடை பார்த்து மேல்பால் தேவை என்று சொன்னால் கொடுங்கள். அதில் குற்றவுணர்வு வேண்டாம். ஆனால் புட்டியில் வேண்டாம். கொதிக்க வைத்து எடுத்த பாலாடையிலோ சங்கிலோ, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, உதட்டோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

180 நாள்வரை தண்ணீரும் தேவையில்லை. கத்திரி வெயிலிலும்தான். தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 சதவீதம் தண்ணீரே. கிரைப் வாட்டர், உரை மருந்து, ஆட்டுப்பால், விளக்கெண்ணெய் எதுவும் உள்ளே போகக் கூடாது. டாக்டர் எழுதிக் கொடுக்கும் வைட்டமின் டி போன்ற மருந்துகளும் தடுப்பு மருந்துச் சொட்டுகளும் மட்டும் விதிவிலக்கு. வைட்டமின் டி தினமும் 400 யூனிட் என்பது வழக்கமான அளவு.

துணியைப் பார்த்தால் தெரியும்

பால் போதுகிறதா என்பதற்கு அழுகை சாட்சி ஆகாது. நனைந்த துணிதான் சாட்சி. முதல் நாள் ஒரு தடவையாவது, இரண்டாம் நாள் இரண்டு தடவையாவது சிறுநீர் போக வேண்டும். ஆறாம் நாளிலிருந்து நாளைக்கு 6 தடவையாவது, நிறமில்லாத சிறுநீர் போனால் பால் போதுகிறது. இதற்காகவே முதல் வாரம் டயப்பர் கட்டாமல் பருத்தித் துணியில் லங்கோடு கட்டச் சொல்வேன். எத்தனை தடவை நனைந்தது என்று டயப்பரில் தெரியாது. முதல் இரண்டு மூன்று நாளில் துணியில் செங்கல் பொடி போலச் சிவப்புக் கறை தெரியலாம். அது ரத்தமில்லை, கெட்டியான சிறுநீரின் உப்பு. நான்காம் நாளுக்குப் பிறகும் இருந்தால் பால் சரியாக இறங்கவில்லை என்று பொருள்.

முதலில் போகும் காட்டுப்பீ கறுப்பாக, பிசினாக ஒட்டும். 24 மணி நேரத்துக்குள் போகவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். மூன்று நான்காம் நாளில் பச்சையாகி, ஐந்தாம் நாள்வாக்கில் மஞ்சளாகி, திரித்திரியாக வரும். பால் குடித்ததும் ஒவ்வொரு தடவையும் போகலாம். அது வயிற்றுப்போக்கு இல்லை. ஒரு மாதத்துக்குப் பிறகு சில குழந்தைகள் மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவைதான் போகும். மிருதுவாகப் போனால் அதுவும் சரிதான். வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு எதையும் ஆசனவாயில் வைக்காதீர்கள். மலம் சுண்ணாம்பு நிறத்தில் வெளுத்துப் போனால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அறுவையைக் குழந்தைக்கு 60 நாள் ஆவதற்குள் செய்தால் பலன் அதிகம்.

எடை முதலில் குறையும். 3 கிலோ குழந்தை 200, 250 கிராம் இழப்பது இயல்பு. பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்தில் பிறந்த எடை திரும்ப வேண்டும். அதன்பின் நாளைக்கு 20 முதல் 30 கிராம்வரை ஏறும்.

பயமுறுத்தும், ஆனால் பயமில்லாத சில விஷயங்கள் உண்டு. ஆண் குழந்தைக்கும்கூட மார்பு வீங்கிப் பால் போலக் கசியும். பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் துளி ரத்தம் வரும். இரண்டும் தாயின் உடம்பிலிருந்து வந்த ஹார்மோன் செய்யும் வேலை, தானாக நின்றுவிடும். மார்பைப் பிதுக்கிச் சீழ் பிடிக்க வைத்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து தொடாதீர்கள்.

மஞ்சள்

இரண்டாம் மூன்றாம் நாளில் மஞ்சள் தலைகாட்டும். நாலைந்து நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்துக்குள் மறையும். பகல் வெளிச்சத்தில் குழந்தையின் நெற்றியை, பிறகு மார்பை, பிறகு தொடையை விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். அழுத்திய இடம் மஞ்சளாகத் தெரிந்தால் மஞ்சள் அதுவரை இறங்கியிருக்கிறது. அது தலையிலிருந்து கால் நோக்கித்தான் இறங்கும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் தெரிந்தாலும், உள்ளங்கை உள்ளங்கால்வரை வந்தாலும், குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலும் உடனே ஆஸ்பத்திரி. அளவு மீறிய மஞ்சள் மூளையைத் தாக்கும். காதும் கேளாமல் போகும்.

காலை வெயிலில் காட்டச் சொல்வார்கள். இதில் ஒரு வரலாறு இருக்கிறது. 1950-களில் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் வார்டு என்ற செவிலியர் குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்கு எடுத்துச் செல்வார். ஒரு குழந்தைக்கு உடம்பு முழுவதும் மஞ்சள் வெளிறியிருக்க, துணி மூடியிருந்த இடம் மட்டும் அழுத்தமான மஞ்சளாகத் தெரிந்ததை டாக்டர்களிடம் காட்டினார். அங்கிருந்துதான் விளக்குச் சிகிச்சை பிறந்தது. 1958-இல் அந்த மருத்துவர்கள் அதை எழுதி வெளியிட்டார்கள். வெயிலுக்குப் பலன் உண்டு என்பது உண்மை. ஆனால் எவ்வளவு நேரம், எவ்வளவு வெயில் என்று வீட்டில் அளக்க முடியாது. துணியில்லாமல் கிடக்கும் குழந்தை குளிர்ந்துபோகும், அல்லது வெந்துபோகும். நீல விளக்கின் கீழ் அளந்து கொடுக்க முடிவதால்தான் அது மருந்தாகிறது. வீட்டில் நம்மால் செய்ய முடிந்தது அடிக்கடி பால் கொடுப்பது. மலத்தோடு மஞ்சளும் வெளியேறும்.

தொப்புளும் குளியலும்

தொப்புள்கொடிக்கு எதுவும் வேண்டாம். எண்ணெய், பவுடர், சாம்பல், மஞ்சள் எதுவும். காற்றுப்பட விட்டு, லங்கோடை அதற்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். 5 முதல் 15 நாளுக்குள் காய்ந்து விழும். சுற்றிலும் தோல் சிவந்தாலோ, சீழ் வந்தாலோ, நாற்றமடித்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பிறந்த 24 மணி நேரம் குளிப்பாட்டக் கூடாது. உடம்பில் ஒட்டியிருக்கும் வெண்மையான மாவுப்பூச்சு குழந்தையின் தோலுக்குக் காப்பு, தேய்த்து எடுக்காதீர்கள். கொடி விழும்வரை வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தாலே போதும். இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தையை டாக்டர் சரி என்று சொல்லும்வரை துடைக்க மட்டும் செய்து, தாயோ தகப்பனோ சட்டையில்லாத நெஞ்சில் அணைத்துப் படுக்க வைத்துக்கொள்ள வேண்டும். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1970-களின் கடைசியில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கிய கங்காரு முறை இதுதான். இன்று உலகம் முழுவதும் செய்கிறார்கள். அப்பாக்கள் கூச்சப்படாமல் செய்ய வேண்டும்.

கொடி விழுந்தபின் குளியல். வெயில் ஏறிய பிறகு, பத்து பதினொரு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, தண்ணீர், சோப்பு, இரண்டு துண்டு, மாற்றுத்துணி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுத்தான் குழந்தையின் துணியைக் கழற்ற வேண்டும். தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் சூடுபறக்கத் தேய்த்து, கை, கால், நெஞ்சு, முதுகு என்று இதமாகத் தடவுங்கள். தடவுவதுதான், பிசைவதில்லை. காதிலும் மூக்கிலும் ஒரு சொட்டும் விடக் கூடாது, மூக்கில் விட்டது நுரையீரலுக்குப் போய்ச் சேரும்.

பச்சைத் தண்ணீரில் வெந்நீரைக் கலந்து முழங்கையை விட்டுப் பாருங்கள். சுடவும் கூடாது, ஜில்லிடவும் கூடாது. குளிக்க ஊற்றுபவர் பலகையில் உட்கார்ந்து கால்களை நீட்டிச் சேர்த்துக்கொள்ள, குழந்தையை மல்லாக்க அந்தக் கால் பள்ளத்தில் கிடத்துவது நம் வழக்கம். தாராளமாகச் செய்யலாம். ஒரு கை எப்போதும் கழுத்துக்கும் தலைக்கும் கீழே இருக்க வேண்டும். முதலில் நனைத்த பஞ்சால் கண்ணை மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பில் துடையுங்கள். ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. முகத்துக்குச் சோப்பு வேண்டாம். பிறகு தலை. பிறகு கழுத்து மடிப்பு, அக்குள், தொடையிடுக்கு. பால் ஒழுகித் தேங்கிப் புண்ணாவது கழுத்து மடிப்பில்தான். கடைசியில் கவிழ்த்துப் பிடித்து முதுகு. முகத்தில் தண்ணீர் விழாமல், கையால் அள்ளி விடுவதுபோல் தாழ்வாக ஊற்ற வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

இந்த இடத்தில்தான் அனுபவசாலிக் கைகளை நிறுத்த வேண்டியிருக்கும். தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பது, மூக்கிலும் காதிலும் ஊதுவது, தலையை அமுக்கி உருண்டையாக்குவது, மூக்கை நீவுவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது, ஆண் குழந்தையின் குறித்தோலைப் பின்னுக்குத் தள்ளுவது. ஒன்றுகூட வேண்டாம். ஊதும்போது நம் வாய்க் கிருமி குழந்தையின் மூச்சுக்குழாய்க்குப் போகிறது. பிரசவத்தில் நீண்டுபோன தலை சில வாரத்தில் தானே வட்டமாகும்.

முதலில் தலையைத் துவட்டுங்கள். குழந்தை தலை வழியாக நிறையச் சூட்டை இழக்கும். மடிப்புகளை ஒற்றியெடுங்கள். சாம்பிராணிப் புகை காட்டினால் சளி பிடிக்காது என்பார்கள். புகைதான் குழந்தையின் நெஞ்சை அடைக்கும். பவுடர் மூச்சோடு உள்ளே போகும். கண் மையில் ஈயம் இருக்கக்கூடும், கண்ணீர்ப் பாதையும் அடைபடும். திருஷ்டிக்காகக் கட்டாயம் வைத்தே ஆக வேண்டுமென்றால் உள்ளங்காலில் ஒரு பொட்டு வையுங்கள். வசம்பு வளையல் அறுந்தால் வாய்க்குள் போகும், அதுவும் வேண்டாம்.

தூக்கமும் அழுகையும்

குழந்தையை எப்போதும் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும், அழுத்தமான விரிப்பில். தலையணை வேண்டாம், கடுகுத் தலையணையும்தான். முகத்தருகே போர்வை, பொம்மை இருக்கக் கூடாது. கொசுவலை போடலாம். சேலைத் தூளியில் குழந்தை வளைந்து கிடக்கும்போது முகவாய் நெஞ்சில் முட்டி மூச்சு தடைபடலாம். எனவே கண்பார்வையில் இருக்கும்போது மட்டும் தூளி, இரவில் விரிப்பு. தாயும் சேயும் ஒரே அறையில் இருக்கட்டும். குடித்தவர், புகைப்பவர் அந்தப் படுக்கையில் கூடாது.

அழுகை இரண்டாம் வாரத்திலிருந்து கூடி, ஆறாம் வாரத்தில் உச்சத்துக்கு வரும். பெரும்பாலும் சாயங்காலம். பசி, ஈரத்துணி, வியர்வை, குளிர் எல்லாம் பார்த்து, தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் விட வைத்து, அதற்கும் அடங்காமல் அழும் குழந்தைகள் உண்டு. பெரும்பாலும் நோய் ஒன்றும் இருக்காது. உங்களுக்கு ஆத்திரம் வருகிறதென்றால் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போங்கள். ஒருபோதும் பிடித்து உலுக்காதீர்கள். உலுக்கினால் மூளையில் ரத்தம் கசியும்.

தாய்க்கு

பத்தியம் என்ற பெயரில் பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரைக் குறைப்பதும், காய்கறி, பழம், பருப்பை விலக்குவதும் தவறு. பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, கருவாடு தாராளமாகக் கொடுங்கள். அதோடு கீரை, முட்டை, பழம், கேட்கும்போதெல்லாம் தண்ணீர். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் தொடர வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுக்க நனைந்தால், காய்ச்சல், நாற்றமடிக்கும் போக்கு, கால் ஒன்றில் மட்டும் வீக்கம், கடும் தலைவலி இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதிக்கக் கூடாது.

மூன்றாம் நாள்வாக்கில் காரணமில்லாமல் கண்ணீர் வரும். இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். அதற்கு மேலும் தூக்கமின்மை, குழந்தையின் மேல் ஒட்டுதலின்மை, செத்துப்போகலாம் என்ற எண்ணம் இருந்தால் அது நோய். மருந்தும் ஆலோசனையும் உண்டு. 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். கணவர்கள் இந்த எண்ணைத் தம் போனில் பதிந்து வைக்க வேண்டும். இரவு துணி மாற்றுவதும், ஏப்பம் விட வைப்பதும் அவர்கள் பங்காக இருந்தால் பல வீடுகளில் இந்த எண் தேவைப்படாது.

எப்போது ஓட வேண்டும்

பால் குடிப்பது நின்றுபோனால், அல்லது பாதியாகக் குறைந்தால். வலிப்பு வந்தால். தொட்டாலொழிய அசையாமல் கிடந்தால். ஒரு நிமிடம் முழுக்க எண்ணும்போது மூச்சு 60 அல்லது அதற்கு மேல் இருந்தால், விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்து இழுத்தால், முனகினால். அக்குளில் வெப்பமானி 37.5 டிகிரியைத் தாண்டினால், அல்லது 35.5-க்குக் கீழே இறங்கினால். பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால். உச்சிக்குழி புடைத்தாலோ உள்வாங்கினாலோ. உதடு நீலம் பாரித்தால்.

வெப்பமானி இல்லாவிட்டால் புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொடுங்கள். இரண்டும் கதகதப்பாக இருந்தால் நல்லது. வயிறு சூடாகவும் பாதம் ஜில்லென்றும் இருந்தால் குளிர்கிறது. உடனே நெஞ்சோடு அணைத்துப் போர்த்துங்கள். இரண்டும் ஜில்லென்றிருந்தால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரையும், வண்டியிலும், குழந்தை நெஞ்சிலேயே இருக்கட்டும். மாந்தம், செவ்வாப்பு, தோஷம் என்று மந்திரிக்கப் போவதில் ஒரு பொழுது போய்விடும். பிறந்த குழந்தைக்கு ஒரு பொழுது மிக நீண்ட நேரம்.

ஆறாவது வாரம்

பிசிஜி போட்ட இடத்தில் இதற்குள் சிறு கொப்புளம் வந்து, உடைந்து, தழும்பாகத் தொடங்கியிருக்கும். அதன்மேல் ஒன்றும் தடவாதீர்கள். 6 வாரம் முடிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை நிலையத்துக்கோ போங்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் புதன்கிழமை தடுப்பூசி நாள். இடது தொடையில் பென்டாவேலன்ட், வலது தொடையில் நிமோகாக்கல், வலது கையில் போலியோ ஊசி, வாயில் போலியோவும் ரோட்டாவும். ஒரே நாளில் இத்தனையா என்று தயங்க வேண்டாம். இவை எல்லாமே குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்த நோய்களுக்கு எதிரானவை. ஊசி போடும்போது மார்பில் அணைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தால் வலி குறையும். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். சளி, இருமல், லேசான காய்ச்சல் என்று ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை; நர்ஸிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்று இரவு காய்ச்சல் வரலாம், தொடை சிவந்து வீங்கலாம். வெந்நீர் ஒற்றடமோ தைலமோ வேண்டாம். ஈரத்துணியை மேலே போட்டால் போதும். பாராசிட்டமால் சொட்டு மருந்தை எடை பார்த்து எவ்வளவு கொடுப்பது என்று அங்கேயே கேட்டு அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் திரும்பக் காட்டுங்கள். அடுத்த ஊசி 10-ஆவது வாரம், அதற்கடுத்தது 14-ஆவது வாரம். இரண்டு தேதியையும் அதே அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள்.